மீனவரிடம் இரை கேட்கும் ராட்சத மீன்!
நட்பினால் வந்த தழும்புகள்

பொழுது விடிகிறது. நடுக்கடலில் ஒரு மரமேடை மிதக்கிறது. மேடைக்குக் கீழே வலை தொங்குகிறது. வலை நிறையச் சிறு மீன்கள் துள்ளுகின்றன.

அப்போது ஒரு ராட்சத மீன் அங்கே வருகிறது. பஸ்ஸில் பாதி நீளம் இருக்கும்! தலையை நீருக்கு மேலே தூக்குகிறது. வாயைத் திறக்கிறது. மேடையில் நிற்கும் மீனவர், கை நிறையச் சிறு மீன்களை அள்ளி அதன் வாயில் போடுகிறார்!

இது கட்டுக்கதை அல்ல. இந்தோனேசியா நாட்டின் செண்டரவாசி விரிகுடாவில் நடக்கும் காட்சி.

சொர்க்கப் பறவை விரிகுடா

நியூகினித் தீவின் மேற்கு முனையைத் தேசப் படத்தில் பாருங்கள். பறவையின் தலையைப் போலத் தோன்றும். அந்தப் பறவையின் கழுத்து வளைவில் இருப்பதுதான் இந்த விரிகுடா. "செண்டரவாசி" என்றால் "சொர்க்கப் பறவை" என்று பொருள்.

இங்குள்ள தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 14 ஆயிரத்து 500 சதுர கிலோ மீட்டர். அதில் பெரும் பகுதி கடல்தான்.

நெடுங்காலத்துக்கு முன்பு, இந்த விரிகுடா வெளிக்கடலோடு அதிகத் தொடர்பு இல்லாமல் ஒதுங்கிக் கிடந்தது. அதனால் வேறு எங்கும் இல்லாத மீன்கள் இங்கே தோன்றின. அவற்றில் ஒன்று நடக்கும் சுறா! இரவில், துடுப்புகளையே கால்களைப்போல ஊன்றி, கடலின் தரையில் நடந்து இரை தேடும். விஞ்ஞானிகள் 2008-ம் ஆண்டில்தான் இதற்குப் பெயர் வைத்தார்கள்.

படகே வீடு

இந்த அதிசயங்களைப் பார்ப்பது எளிதல்ல. கரையில் ஊர்கள் குறைவு. விடுதிகளும் குறைவு. ஆகவே, பார்க்க வருகிறவர்கள் படகிலேயே குடியிருக்கிறார்கள்.

பெரும்பாலும் அவை "பினிசி" என்ற மரப்படகுகள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் படகில்தான். பகலில் மூன்று, நான்கு முறை கடலுக்குள் இறங்குவார்கள். இரவில் படகு அடுத்த இடத்துக்குப் புறப்படும். இப்படியே ஒரு வாரத்துக்கு மேல் போகும்.

முதுகில் கட்டியிருக்கும் சிலிண்டரில் என்ன இருக்கிறது? வெறும் ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணமாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் காற்றுதான். எந்திரத்தால் அதை அழுத்தி அடைக்கிறார்கள்.

சோடா பாட்டில் பாடம்

கடலில் 33 அடி ஆழம் போனால், உடம்பின் மேல் உள்ள அழுத்தம் இரண்டு மடங்காகிறது. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன், அந்த அழுத்தத்தால் இரத்தத்தில் கரைகிறது.

சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் என்ன ஆகும்? குபுகுபு என்று குமிழி வரும். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வருகிறவனின் உடம்பிலும் அப்படிக் குமிழிகள் உண்டாகலாம். மூட்டு வலிக்கும். கை கால் விழுந்துவிடக்கூடும். உயிரே போகக்கூடும்!

ஆகவே, மெதுவாக மேலே வரவேண்டும். சுமார் 16 அடி ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கிவிட்டு வருவது வழக்கம். பெரிய ஆஸ்பத்திரி தொலைவில் உள்ள இடத்தில், அவசரம் கூடவே கூடாது.

பயப்பட வேண்டாம்!

சரி, அந்த ராட்சத மீன் எது?

அதன் பெயர் திமிங்கலச் சுறா. திமிங்கலம் அல்ல; சுறா இனம். உலகிலேயே பெரிய மீன் இதுதான். முழு வளர்ச்சி அடைந்தால் 50 அடிக்கு மேலும் வளரும். ஆனால் மனிதனைத் தின்னாது. நீரோடு சிறு மீன்களையும் நுண்ணுயிர்களையும் உறிஞ்சி, நீரை மட்டும் வெளியே விட்டுவிடும்.

இதன் முதுகில் வெள்ளைப் புள்ளிகள் நிறைந்திருக்கும். அதனால் அந்தப் பகுதி மக்கள் இதை "நட்சத்திரச் சுறா" என்கிறார்கள். புள்ளிகளின் அமைப்பு மீனுக்கு மீன் வேறுபடும். நமக்குக் கைரேகை போல! அதைப் படம் பிடித்துத்தான் விஞ்ஞானிகள் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள்.

மீனவர்களின் மரமேடைக்கு "பாகான்" என்று பெயர். இரவில் விளக்கேற்றினால், வெளிச்சத்தைத் தேடிச் சிறு மீன்கள் கூடும். வலையைத் தூக்கிப் பிடித்துவிடுவார்கள். அந்த மீன்களின் வாசனைதான் சுறாவை இழுக்கிறது.

மீனவர்கள் அதை விரட்டுவதில்லை. ஒரு பங்கு கொடுக்கிறார்கள். இதைப் பார்க்கத்தான் வெளிநாட்டார் வருகிறார்கள். அவர்களால் மீனவர்களுக்கும் வருமானம் கிடைக்கிறது. செத்த சுறாவை ஒரு முறைதான் விற்கலாம். உயிரோடு இருக்கும் சுறாவோ ஆண்டு முழுவதும் சோறு போடும்!

206 சுறாக்களுக்குத் தழும்பு

ஆனால் இந்த நட்பிலும் ஓர் ஆபத்து இருக்கிறது.

2010 முதல் 2023 வரை, செண்டரவாசி உள்ளிட்ட பறவைத் தலைப் பகுதிக் கடல்களில் விஞ்ஞானிகள் 268 திமிங்கலச் சுறாக்களை அடையாளம் கண்டார்கள். பெரும்பாலானவை இளம் ஆண் சுறாக்கள். அவற்றில் 206 சுறாக்களின் உடம்பில் காயமோ தழும்போ இருந்தது! இந்த முடிவு 2025-ம் ஆண்டில் வெளியாயிற்று.

முக்கியக் காரணம் என்ன? இரைக்காக நெருங்கும்போது, பாகான் மீதும் படகுகள் மீதும் உரசிக்கொள்கின்றன. பெரும்பாலும் இவை சிறு காயங்களே. ஆனால் படகுகள் பெருகினால் காயங்களும் பெருகும்.

இந்தோனேசிய அரசு 2013-ம் ஆண்டிலேயே இந்தச் சுறாவைப் பிடிக்கக்கூடாது என்று தடை விதித்துவிட்டது. ஆனால் சட்டத்தால் உராய்வைத் தடுக்க முடியாது.

அதற்கு விஞ்ஞானிகள் ஒரு சுலபமான வழி சொல்கிறார்கள். பாகானின் வலைச் சட்டத்திலும் படகுகளின் பக்கக் கட்டைகளிலும் உள்ள கூரான விளிம்புகளை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்!

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. சுறாவைத் தொடக்கூடாது, அதன் வழியை மறிக்கக்கூடாது, தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

பயமின்றி மனிதனிடம் வந்து வாய் திறக்கிறது அந்த மீன். அந்த நம்பிக்கையால் அதற்குத் தீங்கு வரக்கூடாது. கொஞ்சம் மரத்தை இழைத்தாலே போதும். சுறாவும் பிழைக்கும், மீனவரும் பிழைப்பார்!