தெளிந்த நீரிலும் கிருமி



நமது தோட்டங்களைப் போலவே ஜூரோங்கிலும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. 1961-க்குப் பின் அங்கே ஆலைகள் எழுந்தன. கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்கு வழங்கும் நிலையமும் 1966-இல் அமைந்தது. 2015-இல் இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனைக் கழிவுநீரில் என்ன இருக்கும்? நோயாளி விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையில் ஒரு பங்கு மாறாமலே சிறுநீரில் வெளியேறுகிறது. அம்மருந்துக்குச் சாகாத கிருமிகளும் கூடவே வருகின்றன. சுத்திகரிப்புத் தொட்டியில் அழுக்கைத் தின்று நீரைத் தெளிய வைப்பவையும் நுண்ணுயிர்களே. சிக்கல் அங்கேதான். மருந்தை எதிர்க்கும் திறனை ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும், லயத்தில் அடுத்த வீட்டுக்குக் குழம்பு கொடுப்பதுபோல! நீர் தெளிந்து, நாற்றம் போன பிறகும் அவற்றில் சில தப்பிவிடுகின்றன.

கழிவுநீர் குடிநீரோடு கலந்தால்? புதுடில்லியில் எடுத்த மாதிரிகளைப் பற்றி 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. வலிமையான மருந்துகளையும் முறிக்கும் என்டிஎம்-1 மரபணு, தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-இலும், குழாய்நீரின் 50 மாதிரிகளில் 2-இலும் இருந்தது.

சிங்கப்பூரில் 2003 முதல் ‘நியூவாட்டர்’ நிலையங்களில், சுத்திகரித்த நீரை மீண்டும் நுண்ணிய சவ்வுகளில் அழுத்தி வடிக்கிறார்கள். பிறகு புறஊதா ஒளியையும் பாய்ச்சுகிறார்கள். கிருமி தப்புவது கடினம். செலவும் மின்சாரமும் அதிகம்.

நம் தோட்டத்து ஓடைக்கு அந்த வசதி ஏது? மிஞ்சிய மாத்திரைகளை வாய்க்காலில் கொட்டுவதை நாமே பார்த்திருக்கிறோம். அவற்றை ஓர் உறையில் போட்டு, அடுத்த முறை கிளினிக் போகும்போது மருந்து கொடுப்பவரிடமே சேர்த்துவிடலாம்.