நெஞ்சு கூறும் மொழி

தம் நெஞ்சை விளித்து உரையாடுதல் தமிழ்ப் புலவர்க்குத் தொன்றுதொட்ட வழக்கு. திருக்குறளின் 125ஆம் அதிகாரம் 'நெஞ்சொடு கிளத்தல்' என்றே பெயர் பெற்றுள்ளது. ஆனால் அந்நெஞ்சு நம்மொடு பேசுங்கால் செவிசாய்ப்பார் எத்துணையர்? அதன் மொழியை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருதயம் ஏறக்குறைய நம் மூடிய கையளவினதாகிய தசைப்பை. நாளொன்றுக்குச் சற்றேறக்குறைய 1,00,000 முறை துடித்து, நிமிடந்தோறும் 5 லிட்டர் அளவு குருதியைச் செலுத்துகின்றது. குருதி உடலிற் சுற்றிவரும் உண்மையை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டில் நூல்வழி நிறுவினார். இருதயம் தன் அறைகளில் நிறைந்த குருதியினின்றே தன் உணவைப் பெறுவதன்று. சில மில்லிமீட்டர் அகலமேயுள்ள தமனிகள் அதன் புறத்தே படர்ந்து அதனை ஊட்டுகின்றன. இவற்றின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து, அப்படிவு வெடித்து, அவ்விடத்துக் குருதி உறையுமாயின் வழி அடைபடும். ஊட்டமிழந்த தசை மடியத் தொடங்கும். இதுவே மாரடைப்பு.

நடுமார்பில் இறுக்கம், தோள், கை, தாடை வரை பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியன இதன் குறிகள். பெண்டிர்க்கும் நீரிழிவுடையார்க்கும் மார்பு நோவின்றிக் களைப்பும் மூச்சுத்திணறலுமே தோன்றுதலும் உண்டு.

என் பாட்டனார்க்கு ஓரிரவு இக்குறிகள் தோன்றின. 'வாயு' என்றெண்ணி ஓமநீர் கொடுத்து, விடியுமளவும் காத்திருந்தோம். உயிர் பிழைத்தார், ஆயினும் மடிந்த தசை மீளவில்லை. ஞாயிறுதோறும் இரண்டு கல் நடந்து ஆலயம் சென்றவர், இன்று வாயிற்படி ஏறவும் மூச்சு வாங்குகின்றார். அவ்விரவு நாங்கள் இழந்த நாழிகைகள் திரும்பி வாரா.

ஆதலின் இக்குறிகள் கண்டவுடன் நோயாளியை நடக்கவிடாது அமர்த்தி, 108 எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும். உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்தும், அடைப்பை நீக்கும் சிகிச்சையும் இன்று உள. விரைந்து செல்லுந்தோறும் பிழைக்கும் தசை மிகுதியாகும்.

வருமுன் காத்தல் அதனினும் நன்று. புகையிலையை அறவே விடுதல், நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட்ட உப்பு, வாரத்தில் 150 நிமிட விரைந்த நடை ஆகியன எளியார்க்கும் இயல்வன. குருதி அழுத்தம் மிகுந்தும் பலர்க்கு யாதொரு குறியும் தோன்றாமையின், அதனை அளந்தறிதல் இன்றியமையாதது. கொழுப்புப் படிதல் இளமையிலேயே தொடங்குமாதலின் இவை முதியோர்க்கே உரியன என்று நாம் வாளாவிருத்தல் தகாது.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் இல்லம் ஏகுங்கால், இக்குறிகளை நும் பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் எடுத்துரைமின். நாங்கள் காலந்தாழ்த்தி அறிந்ததை நீவிர் முன்னரே அறிந்திருப்பீராக.