குழந்தையின் வாசிப்பைக் கேட்கும் கருவி

வாய்விட்டு வாசிக்கும் குழந்தையின் குரலைக் கேட்டு, எந்தச் சொல்லில் அது தடுமாறுகிறது என்பதை அறிந்து, அந்த இடத்திலேயே சரியான ஒலிப்பை எடுத்துத்தரும் மென்பொருளே எண்ணிம வாசிப்புத் துணை எனப்படுகிறது. ஒலிநூல் குழந்தைக்குக் கதை சொல்கிறது. இதுவோ குழந்தை சொல்வதைக் கேட்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜாக் மோஸ்டோ 1990களில் வளர்த்தெடுத்த 'லிசன்' திட்டம் இதற்கு முன்னோடி. கூகுள் நிறுவனம் 2019இல் 'போலோ' என்னும் பெயரில் இந்தியாவில் வெளியிட்ட செயலி, மறு ஆண்டு 'ரீட் அலாங்' என்று பெயர் மாறி, தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் பல நாடுகளுக்குச் சென்றது. 2022 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை அதைக்கொண்டு வாசிப்பு மாரத்தான் ஒன்றையும் நடத்தியது.

ஒலிவாங்கியில் விழும் குரலை மிகச் சிறு கால அளவுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றும் எந்த ஒலியனுக்கு, அதாவது பொருளை வேறுபடுத்தும் எந்த அடிப்படை ஒலிக்கு நெருக்கமானது என்று மென்பொருள் கணிக்கிறது. திரையில் உள்ள வாக்கியம் மென்பொருளுக்கு முன்பே தெரியும் என்பதால், எதிர்பார்த்த சொல் வந்ததா என்று மட்டும் ஒப்பிட்டால் போதும். ஆயினும் குழந்தையின் குரல்வழி சிறியது, குரலின் சுருதி உயர்ந்தது. ஆகவே பெரியவர்களின் குரலைக்கொண்டு பயிற்றப்பட்ட கருவி குழந்தையிடம் கூடுதலாகப் பிழைபடுகிறது.

தமிழில் சிக்கல் இன்னும் ஆழமானது. 'கடல்', 'தங்கம்', 'அகம்' ஆகிய மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிப்பதால், எழுத்து நிற்கும் இடத்தைக்கொண்டே கருவி ஒலியைத் தீர்மானிக்க வேண்டும். இலங்கையின் மலையகத்துக் குழந்தைக்கோ 'வந்துகொண்டிருக்கிறாள்' என்னும் பாடநூல் தொடர், வீட்டில் கேட்கும் 'வந்துக்கிட்டிருக்கா' என்பதிலிருந்து வெகுதூரம் விலகியது. தேயிலைத் தோட்டத்தில் நாள்தோறும் காதில் விழும் 'கொழுந்து' பலரது நாவில் 'கொளுந்து' ஆகிறது. இதைப் பிழையென்று திரும்பத் திரும்பச் சுட்டும் கருவி, குழந்தையின் வாசிப்பைத் திருத்தாமல் அதன் வாயை அடைத்துவிடும்.

1977 முதல் அரசு படிப்படியாகப் பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகளில், ஒரே மண்டபத்தில் பல வகுப்புகள் நடக்கும் இடத்தில், தரம் 2 மாணவர் ஒவ்வொருவரும் வாசிப்பதைக் கேட்க ஓர் ஆசிரியருக்கு நேரம் போதாது; மலையில் கொழுந்து பறித்துக் களைத்து, தோட்டக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பும் தாய்க்கும் அது எளிதல்ல. பொறுமையாகக் கேட்கும் ஒரு செவி என்ற அளவில் இக்கருவிக்கு அங்கே உண்மையான தேவை இருக்கிறது. இணையமின்றியும் இயங்குவது சமிக்ஞை எட்டாத பள்ளத்தாக்குகளுக்குப் பெரும் வசதி. பக்கத்து வகுப்பின் இரைச்சலைத் தாங்க ஒலிவாங்கியுள்ள செவிப்பன்னி வேண்டும். வாசித்ததன் பொருளை உரையாடி விளங்கவைப்பது ஆசிரியரின் பணியாகவே இருக்கும்.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியின் ஆசிரிய மாணவர்கள், பெற்றோரின் இசைவுடன் ஹட்டன், நுவரெலியாப் பிள்ளைகளின் வாசிப்பைப் பதிவுசெய்து, அக்குரல்களைக்கொண்டு கருவியைப் பயிற்றும் பணியைத் தொடங்க வேண்டும்.