லேப்டாப்பும் ஒரு சரக்குதான்



ஒரு மூட்டை துவரம்பருப்பு இறக்கினாலும் அடக்கம் என்ன, சேதாரம் எவ்வளவு, எத்தனை நாளில் விலைபோகும் என்று கணக்குப் பார்த்துத்தான் இறக்குகிறோம். அதே நாம், கடைக்கு லேப்டாப் வாங்கும்போது மட்டும் யாரோ சொன்னதைக் கேட்டுப் பணத்தை எடுத்து வைத்து விடுகிறோம். மூன்றாம் வருடம் அது மெதுவாக ஓடினால் மூலையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குகிறோம். லேப்டாப்புக்கும் அடக்க விலை உண்டு, பராமரிப்பு உண்டு, விற்பனை விலையும் உண்டு. ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. பருப்பை விற்றால் பருப்புதான் போகும். லேப்டாப்பைக் கவனமில்லாமல் விற்றால் நம் பேரேடும் கூடவே போய்விடும். எங்கள் மண்டியில் ஒரு லேப்டாப்பை ஏறக்குறைய ஏழு வருடம் வைத்திருந்து விற்ற அனுபவத்தை இங்கே எழுதுகிறோம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. ஆகஸ்ட் மாதம் நாங்கள் லேப்டாப் வாங்கினோம். கரண்ட் போனாலும் பில் நிற்காது, ஆடிட்டரிடம் கையோடு எடுத்துப் போகலாம் என்பதால் மேஜைக் கம்ப்யூட்டரை விட இது மேல் என்று முடிவு செய்தோம். விலை ரூ.32,000, அதற்கு 18 சதவீத வரி ரூ.5,760. கடைப் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் போட்டு பில் வாங்கியதால் அந்த வரி உள்ளீட்டு வரியாக வரவாகிவிட்டது. பில் இல்லாமல் வாங்குகிறவர்களுக்கும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் இது கிடைக்காது.

கடைக்காரரிடம் நாங்கள் கேட்ட கேள்விகள் இரண்டே. பிற்பாடு ரேம் கூட்ட இடம் இருக்கிறதா? ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு போடலாமா? மெல்லியதாக வரும் பல லேப்டாப்களில் ரேமைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து விடுகிறார்கள். அதைக் கூட்டவே முடியாது. பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் அதன் ஆயுள் வாங்கிய அன்றே தீர்மானமாகிவிடுகிறது. நாங்கள் வாங்கியதில் 4 ஜி.பி. ரேமும், காலியாக ஓர் இடமும் இருந்தன.

மூன்று செலவு, ஏழாயிரம் ரூபாய்

2019-இல் டேலியையும் ஜி.எஸ்.டி. தளத்தையும் ஒன்றாகத் திறந்தால் இயந்திரம் திணறியது. ஒரு சர்வீஸ் கடையில் காட்டியபோது, பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள். வயதான மாட்டையும் ஒருமுறை வைத்தியரிடம் காட்டிவிட்டுத்தானே விற்போம்? கொள்முதல் வேலையாகச் சென்னை போனபோது ரிச்சி தெருவில் 4 ஜி.பி. ரேம் ரூ.1,800-க்கு வாங்கிப் போட்டோம். திணறல் பாதி குறைந்தது. ரேமில் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று வகைகள் உண்டு. ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. ஆகையால் லேப்டாப்பையே கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது.

2020-இல் சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டோம், ரூ.2,900. மூன்று செலவிலும் அதிகப் பலன் தந்தது இதுதான். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வரும்வரை திறக்காதது, ஒரு நிமிடத்துக்குள் திறந்தது. கழற்றிய பழைய டிஸ்க்குக்கு ஒரு பெட்டி வாங்கிப் பொருத்தி, கணக்கின் நகல் வைக்கப் பயன்படுத்தினோம்.

2021-இல் பாட்டரி மாற்றினோம், ரூ.2,300. லித்தியம் பாட்டரி 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கியபின் வலுக்குறைவது இயல்பு. ஆனால் பாட்டரி உப்பி, கீபோர்டு மேலே தூக்கினால் அன்றே நிறுத்திவிட வேண்டும். அது தீப்பிடிக்கக்கூடியது. குப்பையிலும் போடக் கூடாது. மின்னணுக் கழிவு எடுப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

நம் தொழிலுக்கே உரிய ஒரு விஷயம் தூசி. மிளகாய் வற்றல், மல்லி, மாவுத் தூசி உள்ளே போய் விசிறியை அடைத்து விடுகிறது. சூடானால் வேகம் குறையும். நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யச் சொல்வோம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பதோடு இதையும் வழக்கமாக்கிக் கொள்ளலாம்.

விற்ற கணக்கு

விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நிற்கும் என்று மைக்ரோசாப்ட் முன்கூட்டியே அறிவித்திருந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் பிராசசர் பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும்; எங்களுடையது 6-ஆம் தலைமுறை. காலாவதித் தேதி நெருங்கும் சரக்கைக் கடைசி வாரம்வரை வைத்திருக்க மாட்டோம் அல்லவா? 2024 மார்ச்சில் விற்றோம். வாங்கியவர் பக்கத்து ஊர் அரிசி வியாபாரி. இந்தத் தேதியை அவரிடம் சொல்லித்தான் விலை பேசினோம். முதல் பில், ஒரிஜினல் சார்ஜர், நல்ல பாட்டரி மூன்றும் இருந்ததால் ரூ.9,000-க்குப் போனது.

வாங்கிய விலை 32,000. கூட்டிய செலவு 7,000. விற்ற 9,000 போக நின்றது 30,000. 2017 ஆகஸ்ட் முதல் 2024 மார்ச் வரை 80 மாதம். ஆக, மாதம் ரூ.375. மூன்றாம் வருடமே மூலையில் போட்டிருந்தால், அதன் விலை 36 மாதத்துக்கே சரியாகி, மாதம் ரூ.890 வரை விழுந்திருக்கும்.

வரி விஷயம். உள்ளீட்டு வரி எடுத்த சாமானை விற்கும்போது, காலாண்டுக்கு 5 சதவீதம் வீதம் கழித்து மீதியிருக்கும் வரி, அல்லது விற்கும் விலை மீதான வரி, இவற்றில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். ஐந்து வருடம் கடந்துவிட்டதால் முதலாவது எங்களுக்குச் சூன்யம். 9,000-க்கு 18 சதவீதம் ரூ.1,620 போட்டு பில் கொடுத்தோம். வருமான வரிக்குத் தேய்மானம் வருடத்துக்கு 40 சதவீதம் எழுதி வந்தோம். 32,000 என்பது மூன்று வருடத்தில் புத்தகத்தில் 6,912 ஆகிவிடும். விற்ற தொகையையும் ஆடிட்டரிடம் சொல்லிக் கணக்கில் காட்டிவிட வேண்டும்.

பேரேடு போகக் கூடாது

எங்களுக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி, பழைய லேப்டாப்பை ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டு விற்றார். அழித்தவை மீட்கக்கூடியவை என்பது அவருக்குத் தெரியாது. வாங்கியவர் கைக்கு எந்தெந்தக் கடை எவ்வளவு பாக்கி என்ற பட்டியல் போனது. அதில் ஒரு சிறு மளிகைக் கடையின் நிலுவை பஜாரில் பேச்சானது. மகள் கல்யாணச் செலவில் இரண்டு மாதம் தள்ளிப்போன பாக்கி அது. அதைக் கேள்விப்பட்டு மற்ற இரண்டு மண்டிகள் அவருக்குக் கடன் சரக்கை நிறுத்தின. அந்த அண்ணாச்சி எந்தத் தவறும் செய்யவில்லை. நம்பிக் கணக்கு வைத்திருந்தார், அவ்வளவுதான்.

ஆகையால் விற்கும் முன் நாங்கள் செய்தது இது. முதலில் டேலி கணக்கை இரண்டு இடத்தில் நகல் எடுத்து, புது லேப்டாப்பில் திறந்து, ஐந்தொகை ஒத்துப்போகிறதா என்று பார்த்தோம். ஆண்டு ரிட்டர்ன் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். லேப்டாப் போகலாம்; கணக்கு இருந்தாக வேண்டும். அடுத்து டேலி லைசென்சைச் சரண்டர் செய்தோம். ஈமெயில், பாங்க், வாட்ஸ்அப் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறினோம். கடைசியாக விண்டோஸ் 10 செட்டிங்கில் ‘ரீசெட் திஸ் பிசி’ என்பதில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்து, டேட்டாவைத் துடைக்கும் வசதியையும் சேர்த்து ஓடவிட்டோம். சில மணி நேரம் ஆகும், அவசரப்படக் கூடாது. இதில் நம்பிக்கை வராதவர்கள் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை விற்கலாம். ஆயிரம் இரண்டாயிரம் குறையும், அவ்வளவே.

பழைய லேப்டாப் வாங்க நினைக்கும் சிறு கடைக்காரர்கள், ஐ3, ஐ5 என்பதற்கு அடுத்த எண்ணைப் பாருங்கள். 6006 என்றால் 6-ஆம் தலைமுறை, 8250 என்றால் 8, 10110 என்றால் 10. எட்டுக்குக் கீழே இருந்தால், இன்று அது திருத்தம் நின்றுபோன விண்டோஸ் 10-இல்தான் ஓடும். பாங்க் வேலைக்கு அதை வாங்க வேண்டாம்.

டேட்டா துடைக்கும் முறையில் சந்தேகம் உள்ள உறுப்பினர்கள் லேப்டாப்பைக் கடைக்கு எடுத்து வந்தால், எங்கள் கணக்குப்பிள்ளை உடனிருந்து செய்து காட்டுவார். மாலை நாலு மணிக்கு மேல் வியாபாரம் ஓய்ந்திருக்கும். அப்போது வந்தால் சௌகரியம்.