வீட்டுக்கு விலை போடும்போது

ஆம்பூரில் மளிகைக் கடை நடத்தும் நண்பர் ஒருவரின் மகனும் மருமகளும் பிரிவது என்று முடிவானபோது, இரு வீட்டாரும் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். நகை, பாத்திரம், சீர் எல்லாம் ஒரே மாலையில் பேசி முடிந்தது. வீடுதான் முடியவில்லை. இருவர் பெயரிலும் கிரயமான வீடு. கீழே கிடங்கு, மேலே குடியிருப்பு. பையன் வீட்டை வைத்துக்கொண்டு, பெண்ணுக்குப் பாதிப் பங்கைப் பணமாகத் தருவதாகப் பேச்சு.

பையன் வீட்டார் வழிகாட்டி மதிப்பைக் காட்டினார்கள். பெண் வீட்டார் தரகர் சொன்ன விலையைச் சொன்னார்கள். இரண்டும் உதவாது. வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்காக அரசு வைத்த கணக்கு. 2017-ல் அதை 33 சதவீதம் குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் மீண்டும் பழைய அளவுக்கு ஏற்றினார்கள். அதற்காக நம் வீடு தேய்ந்து வளர்ந்ததா என்ன?

ஒரு கணக்குப் பாருங்கள். 1,200 சதுர அடி மனை. வழிகாட்டி மதிப்பு சதுர அடி 1,000 ரூபாய் என்றால் 12 லட்சம். சந்தையில் 2,500 போனால் 30 லட்சம். கட்டடம் 10 லட்சம். வீட்டுக் கடன் பாக்கி 8 லட்சம். முதல் கணக்கில் பாதிப் பங்கு 7 லட்சம், இரண்டாவதில் 16 லட்சம்.

ஆகவே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை அழையுங்கள்; கூலியைப் பாதிப் பாதியாகக் கொடுங்கள். அக்கம்பக்கத்தில் அண்மையில் பதிவான கிரயங்களை வைத்து மனைக்கும், வயதுக்கேற்ற தேய்மானம் கழித்துக் கட்டடத்துக்கும் அவர் விலை போடுவார். எந்தத் தேதியின் விலை என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் தவறுவது கடன் கழிப்பதில்தான். வீட்டை அடமானம் வைத்துக் கடைக்கு வாங்கிய ஓ.டி.யையும் கழிக்கச் சொன்னார் நண்பர். "அந்தப் பணம் உங்கள் கிடங்கில் சரக்காக நிற்கிறதே! சரக்கு உங்களுக்கு, கடனில் பாதி அந்தப் பெண்ணுக்கா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

பத்திரம் பையன் பெயரில் மட்டும் இருந்திருந்தால்? தானாகப் பாதி என்று நம் சட்டத்தில் இல்லை. ஆனால் 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவர் பெயரில் வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்த மனைவியின் உழைப்பும் உண்டு என்று சம பங்கு அளித்துள்ளார். ஜீவனாம்ச வழக்கு வந்தால் இருவரும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்பது உச்சநீதிமன்றத்தின் 2020 நவம்பர் தீர்ப்பு. மறைத்துப் பயனில்லை.

இன்னொன்று. விடுதலைப் பத்திரத்தை விவாகரத்துத் தீர்ப்புக்கு முன்பே பதிவு செய்யுங்கள். குடும்பத்தாருக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வைக்கு 40,000, பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் உச்சவரம்பு வைத்தார்கள். தீர்ப்புக்குப் பின் அவர்கள் கணவன் மனைவி அல்லர். சலுகை கேட்பது சிரமம். எழுதும் நாளில் உள்ள விகிதத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்ணின் பணம் வங்கி வரைவோலையாகக் கைக்கு வந்த பிறகே கையெழுத்து.

நண்பர் வீட்டில் அப்படியே நடந்தது. பணம் புரட்ட அவருக்கு நான்கு மாதம் ஆயிற்று. வழக்கு நடத்தியிருந்தால் கடையே போயிருக்கும்.