பேசும் மோதிரம்

அணிகலன்களுள் அளவிற் சிறியது மோதிரம். ஆயினும் அணிந்தவரைப்பற்றி உலகிற்கு அறிவிக்கும் ஆற்றலில் அதற்கு நிகரான அணி வேறில்லை. குழையும் ஆரமும் பிறர் கண்ணுக்கே புலனாவன. அணிந்தவர் அவற்றைக் காணவேண்டின் கண்ணாடியின் முன் நிற்றல் வேண்டும். மோதிரமோ அணிந்தவர் தாமும் கண்டு மகிழுமாறு கையில் அமைந்துள்ளது. எழுதும்போதும் உண்ணும்போதும் உரையாடும்போதும் கையோடு அசைந்து, எதிரில் இருப்பார் பார்வையைத் தன்பால் ஈர்க்கின்றது. விரலின் அகலத்தையும் கடந்து விளங்கும் பெருமோதிரங்களை இக்காலத்தில் மகளிரும் ஆடவரும் விரும்பி அணிவதற்கு இதுவே முதற்காரணம் எனலாம். அவ்வணி பேசுவது யாது, அப்பேச்சிற்கு மதிப்பு எங்கிருந்து வருகின்றது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பண்டை நாளில் மோதிரம் அழகுப் பொருளாய் இருந்ததோடு ஒரு கருவியாகவும் பயன்பட்டது. எகிப்து நாட்டார் வண்டின் வடிவாகச் செதுக்கிய கல்லை மோதிரத்திற் பதித்து, அதன் அடிப்புறத்துப் பொறித்த எழுத்தைக் களிமண்ணில் அழுத்தி முத்திரையிட்டனர். பார்வோன் தன் கைமோதிரத்தைக் கழற்றி யோசேப்பின் கையில் இட்டான் என ஆதியாகமம் கூறுமிடத்து, ஆணை செலுத்தும் உரிமையையே அவன் அளித்தான் என்று கொள்ளல் வேண்டும். நம் நாட்டிலும், கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில், பழந்தமிழ் எழுத்திற் பெயர் பொறித்த முத்திரை மோதிரங்கள் கிடைத்துள்ளன. இராமனுடைய கணையாழி சீதைக்கு அடையாளமாயிற்று. காளிதாசர் நாடகத்தில் சகுந்தலை மோதிரத்தை இழந்தமையால் கணவனால் அறியப்படாது நின்றாள். ஒருவர் இல்லாத இடத்தும் அவர் சொல்லைச் சுமந்து நிற்பது மோதிரம் என்பது இவற்றால் விளங்கும். நெடுநல்வாடையும் சிலப்பதிகாரமும் வாளைமீனின் பிளந்த வாய்போல வளைத்துச் செய்த மோதிரத்தைக் குறிப்பிடுகின்றன. ஆதலின், விரலணியைக் கண்கவர் வடிவில் அமைக்கும் விருப்பம் தமிழர்க்குப் புதிதன்று.

கருவியாய் இருந்தது பெருமையின் சின்னமாக மாறிய வரலாற்றை உரோமாபுரியிற் காணலாம். பழைய உரோமர் இரும்பு மோதிரமே அணிந்தனர். பொன்மோதிரம் முதலில் தூதர்க்கும், பின்னர் ஆட்சிமன்றத்தார்க்கும் குதிரை வீரர் வகுப்பினர்க்கும் உரியதாயிற்று. கி.மு. 216இல் கன்னே என்னுமிடத்தில் அனிபால் உரோமரை வென்றபோது, இறந்தோர் விரல்களினின்று கழற்றிய பொன்மோதிரங்கள் கார்த்தேசு நகரத்து மன்றத்திற் குவியலாகக் கொட்டப்பட்டன. மாய்ந்தவர் எத்தகையர் என்பதை உணர்த்த அக்குவியலே போதியதாயிற்று. கி.பி. 23இல், திபேரியு பேரரசன் காலத்தில், தானும் தன் தந்தையும் பாட்டனும் அடிமையல்லாதவராய்ப் பிறந்து, 4,00,000 செசுதர்த்து மதிப்புள்ள சொத்தும் உடையவனே பொன்மோதிரம் அணியலாம் என விதி வகுக்கப்பட்டது.

விதியால் தடுக்கப்பட்ட பொருளின்மேல் வேட்கை மிகுதல் இயல்பன்றோ? கோடைக்கென இலேசான மோதிரம் ஒன்றை அணிந்து, அதனினும் கனத்த கல்லைத் தாங்கமாட்டாதவன் போல வியர்த்த விரலை வீசிக்காட்டும் செல்வன் ஒருவனைச் சுவெனால் என்னும் உரோமப் புலவர் எள்ளி நகையாடுகின்றார். வழக்கறிஞன் ஒருவன் கல்மோதிரத்தை வாடகைக்கு வாங்கி அணிந்து வாதாடியமையால் மற்றையோரினும் மிக்க ஊதியம் பெற்றான் என்றும் அவர் உரைக்கின்றார். பொன்மோதிரம் அணிந்து வருவோனுக்கு நல்லிடமும், கந்தை உடுத்த ஏழைக்குத் தாழ்ந்த இடமும் அளித்தல் தகாது என யாக்கோபின் நிருபம் கண்டித்ததும் இவ்வுரோமர் ஆட்சிக் காலத்தேயாம். மோதிரத்தின் பேச்சை நம்பி மனிதனை எடைபோடும் பிழை அத்துணைப் பழையது.

இக்காலப் பெருமோதிரத்திற்கு அண்மைய முன்னோர் அமெரிக்க நாட்டிற் பரவிய ‘காக்டெயில் மோதிரம்’ ஆகும். அந்நாட்டில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் நிலவிற்று. சட்டத்திற்கு மறைவாக நடந்த விருந்துகளிற் கிண்ணம் ஏந்திய மகளிர் கையில் பெரிய கல்மோதிரம் மின்னிற்று. அவர்கள் அருந்திய கலப்பு மதுவின் பெயரே மோதிரத்திற்கும் ஆயிற்று. அதே 1920இல் அந்நாட்டுப் பெண்டிர்க்கு வாக்குரிமை அரசியற் சட்டத்தில் உறுதி செய்யப்பட்டமையும் கருதத்தக்கது. மணவுறுதி மோதிரம் ஆடவன் தருவது, இடக்கையில் அணிவது. இப்புதிய மோதிரமோ வலக்கையில் அணியப்பட்டது. பொருளீட்டத் தொடங்கிய பெண் பிறரை எதிர்பாராது தானே வாங்கிக்கொள்ளத் தக்கது. 1902இல் வெர்னெயில் என்னும் பிரெஞ்சு அறிஞர் மாணிக்கத்தைச் செயற்கையாக ஆக்கும் முறையை வெளியிட்டிருந்தமையால், பெரிய கல் செல்வர்க்கே உரியது என்னும் நிலையும் மாறிற்று. கல்லின் அடியை மூடாது, கொக்கிகளால் உயர்த்திப் பிடித்தமையின், பக்கத்தினின்றும் புகுந்த ஒளி பட்டை தீட்டிய முகங்களிற் பட்டு மீண்டு பளிச்சிட்டது. இரண்டாம் உலகப் போரில் பிளாட்டினம் படைத்தேவைக்கென ஒதுக்கப்பட்டபோது, பொற்கொல்லர் பொன்னினால் இன்னும் அகன்ற மோதிரங்களை இயற்றினர். ஆதலின் இந்நாகரிகத்தை வீண் பகட்டு என்று தள்ளிவிடல் நேர்மையாகாது. ‘என் கை எனக்குரியது’ என்று கூற விரும்பியோர்க்கு அது ஒரு நாவாகவும் இருந்தது.

எனினும், மோதிரங்களுள் மிக உரத்துப் பேசியது யாது என்று என்னை வினவின், பொன்னையும் மணியையும் விடுத்து இரும்பையே சுட்டுவேன். 1813இல் நெப்போலியனை எதிர்த்துப் போர்புரிந்த பிரசிய நாட்டில், இளவரசி மரியான்னே நாட்டின் பொருட்டுப் பொன்னணிகளை ஈயுமாறு பெண்டிரை வேண்டினாள். ஈந்தவர்க்கு ஈடாக இரும்பு மோதிரம் வழங்கப்பட்டது. பொன்னைத் தந்து இரும்பைக் கொண்டேன் என்னும் கருத்துடைய சொற்கள் அத்தகைய மோதிரங்களிற் பொறிக்கப்பட்டன. பின்னாளில் பெர்லின் இரும்பணி அதன் அழகிற்காகவே விலைபோகும் நாகரிகப் பொருளாகவும் ஆயிற்று என்பது உண்மையே. துறவின் சின்னத்தையும் அங்காடி விட்டுவைப்பதில்லை. ஆயினும் முதலில் அதனை அணிந்த பெண்ணின் விரலில் அவ்விரும்பு கூறிய சொல் பொய்யாகாது. அவள் இழந்தது இன்னதென அவள் அறிவாள்.

இதனை எழுதுங்கால் என் அன்னையார் நினைவிற்கு வருகின்றார். நான் இக்கல்லூரியிற் சேர்ந்த ஆண்டில், கட்டணத்திற்குப் பொருள் குறைந்தபோது, தம் மணநாள் முதல் அணிந்திருந்த மோதிரத்தைச் சவர்க்காரம் தடவிக் கழற்றித் தந்தார். விடுமுறைக்குச் சென்றபோது பார்த்தேன். மோதிரம் இருந்த இடத்தில் வெளிறிய வளையத் தடம் ஒன்று இருந்தது. ‘சோறு பிசைய இப்போதுதான் எளிதாயிருக்கிறது’ என்று கூறிச் சிரித்தார். பெருமோதிரம் அணியும் தோழர்களை நான் பழிப்பதில்லை. அவ்வணிகளின் ஒளியை நானும் விரும்பியே நோக்குகின்றேன். ஆனால் ஒருவர் கையைக் கண்டு அவரை மதிப்பிட என் மனம் விரையும்போதெல்லாம், அத்தடம் என் கண்முன் தோன்றித் தடுக்கின்றது.