ரவுட்டர் கண்விழிக்கும் முதல் நொடி

போன வாரம் வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று பிரவுசர் தடுத்தது. எப்போதும் அதைத் தாண்டிப் போய்விடுவேன். இந்த முறை நின்று, ரவுட்டர் நீட்டிய சான்றிதழைத் திறந்து படித்தேன். அது செல்லுபடியாகத் தொடங்கிய நாள்: 1970 ஜனவரி 1. ரவுட்டர் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

இப்படிப்பட்ட கருவிகள் பலவற்றில் கடிகார பேட்டரி கிடையாது. மின்சாரம் வந்து கண்விழிக்கும்போது அவற்றுக்கு இன்று என்ன தேதி என்றே தெரியாது. யூனிக்ஸ் மரபில் காலக்கணக்கு தொடங்கும் 1970-லிருந்து எண்ண ஆரம்பிக்கும். இணையம் கிடைத்த பிறகுதான் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். தேதிகூடத் தெரியாத அந்தச் சில நொடிகளில்தான் என் ரவுட்டர் அந்தச் சான்றிதழையும் அதற்கான ரகசியச் சாவியையும் உருவாக்கியிருக்கிறது. தேதியைவிட எனக்குக் கவலை தந்தது இதுதான்.

சாவி என்பது ஒரு பெரிய எண். யாராலும் ஊகிக்க முடியாததாக இருந்தால்தான் அது சாவி. நம் கணினி அந்த ஊகிக்க முடியாத தன்மையை விசைப்பலகையில் விரல் விழும் இடைவெளியிலிருந்தும் மவுஸ் அசைவிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறது. ரவுட்டருக்கு விசைப்பலகை ஏது, மவுஸ் ஏது? தொழிற்சாலையிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான பெட்டிகளும் ஒரே மென்பொருளோடு, ஒரே வெறுமையோடு விழித்தெழுகின்றன.

இதன் விளைவை 2012-இல் நாடியா ஹெனிங்கர், ஜாகிர் துருமெரிச், எரிக் வுஸ்ட்ரோ, அலெக்ஸ் ஹால்டர்மேன் ஆகிய நான்கு ஆய்வாளர்கள் உலகத்துக்குக் காட்டினார்கள். இணையம் முழுவதையும் வருடி, கருவிகள் வெளியே காட்டும் பொதுச்சாவிகளை லட்சக்கணக்கில் திரட்டினார்கள். ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டு முறையில் பொதுச்சாவி என்பது இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கற்பலன். பெருக்கிய விடை ஊருக்கெல்லாம் தெரியலாம். ரகசியச் சாவிக்கு அடிப்படையான அந்த இரண்டு எண்கள் மட்டும் தெரியக் கூடாது. முந்நூறு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து அதன் காரணிகளைக் கண்டுபிடி என்றால் உலகின் பெரிய கணினிகளே திணறும்.

ஆனால் இரண்டு கருவிகள் ஒரு பகா எண்ணைப் பகிர்ந்துகொண்டால்? 143, 187 என்ற இரண்டு பொதுச்சாவிகளைப் பூட்டுகளாக எடுத்துக்கொள்வோம். 187-இலிருந்து 143-ஐக் கழித்தால் 44. 143-ஐ 44-ஆல் வகுத்தால் மீதி 11. 44-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி இல்லை. மீப்பெரு பொதுக் காரணி 11. அவ்வளவுதான்: முதல் பூட்டு 11 × 13, அடுத்தது 11 × 17. இரண்டும் திறந்துவிட்டன. நம் பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும் யூக்ளிடின் வழிமுறைதான் இது. இலக்கம் முந்நூறானாலும் கணினிக்கு இது கண்ணிமைக்கும் நேர வேலை.

பகிர்வு நேர்ந்த விதம் இன்னும் வேதனையானது. ஒரே மாதிரி விழித்த கருவிகள் முதல் பகா எண்ணை ஒரே மாதிரி தேர்ந்தெடுத்தன. இரண்டாவதைத் தேடும்போது ஒன்றில் கடிகாரம் ஒரு நொடி நகர்ந்தது, இன்னொன்றுக்கு வலைப்பின்னலிலிருந்து ஏதோ ஒரு செய்தி வந்தது. அங்கே வழி பிரிந்தது. இரண்டு எண்களும் ஒன்றாக இருந்திருந்தால்கூட இவ்வளவு கேடில்லை. ஒரே சாவி வைத்திருப்பவர்களுக்குள் மட்டும்தான் ஆபத்து. பாதி ஒன்றாக இருந்ததால், தெருவில் போகிற யாரும் வெளியிலிருந்தே கணக்குப் போட்டுத் திறக்கலாம் என்றானது. அந்த ஆய்வாளர்கள் பார்த்த பாதுகாப்பு இணைப்புத் தளங்களில் 0.5 சதவீதத்தின் ரகசியச் சாவி இப்படிக் கையில் கிடைத்தது. ஏறக்குறைய எல்லாமே ரவுட்டர், ஃபயர்வால் போன்ற சிறு கருவிகள்.

சாவியை உருவாக்கவே ஒரு தனிச் சிப் வைத்தால் தீர்ந்ததா? சாவி சிப்புக்குள்ளேயே பிறந்து, அதைவிட்டு வெளியே வராமலே வேலை செய்வதுதான் சரியான வழி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2013-இல் தைவான் அரசு குடிமக்களுக்குக் கொடுத்த ஸ்மார்ட் கார்டுகளை ஆய்வாளர்கள் சோதித்தபோது, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சாவிகளில் 184 உடைந்தன. தரச்சான்று பெற்ற சிப்பில் இருந்த தற்செயல் எண் உற்பத்தியே பழுது. 2017-இல் எஸ்டோனியா ஏறத்தாழ ஏழரை லட்சம் அடையாள அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்திவைத்தது. அங்கே சிப்புக்குள் பகா எண்ணை வேகமாக உருவாக்கக் கையாண்ட குறுக்குவழியே குற்றவாளி. சாவியை எவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்தாலும், அது எப்படிப் பிறந்தது என்று கேட்காமல் விட்டால் பாதுகாத்தது வீண்.

கருவி விழிக்கும் நேரத்து ஓட்டையை லினக்ஸ் இயங்குதளம் 2012-லேயே அடைக்கத் தொடங்கியது. 2014-இல் வந்த புதிய வழி, போதிய அளவு ஊகிக்க முடியாத தன்மை சேரும்வரை சாவி கேட்கும் நிரலைக் காத்திருக்க வைக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் தொழிற்சாலையிலேயே தனி விதை எண் ஒன்றை எழுதிவிட்டால் பிரச்சினை இன்னும் சிறிதாகும். அதற்குப் பெரிய செலவும் இல்லை. ஆனாலும் 2016-இல் ஹெனிங்கர் குழு மறுபடி எண்ணிப் பார்த்தபோது பலவீனமான சாவிகள் பரவலாகவே இருந்தன. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. கருவியை விற்றவர்களுக்குத்தான் இதைச் சரிசெய்யும் வசதி இருந்தது.

மென்பொருளைப் புதுப்பித்தால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். புதுப்பித்தேன். மறுபடி சான்றிதழைத் திறந்தேன். 1970 ஜனவரி 1. புதிய மென்பொருள் பழைய சாவியைத் தொடவே இல்லை. அமைப்புப் பக்கத்தின் கடைசித் தாவலில் 'சான்றிதழை நீக்கு, புதிதாக உருவாக்கு' என்று ஒரு பொத்தான் இருந்தது. ரவுட்டர் ஒரு மணி நேரம் ஓடி, இணையத்திலிருந்து நேரம் வாங்கிக்கொண்ட பிறகு அதை அழுத்தினேன்.